மஞ்சள் துணி கட்டிய கட்டில்

சின்ன சிஸ்டருக்கு அருவருப்பு கூடவே பிறந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது மூக்கைச் சிந்தினால் போதும், அவளுக்கு அன்றைய சாப்பாடு அவ்வளவுதான். தட்டில் ஒரு முடி கிடந்தால் அந்தத் தட்டையே பல நாள் தொடமாட்டாள். அப்படிப்பட்டவள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது அவள் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நோயாளி வாந்தி எடுத்தா இவ வாளி பிடிக்கணும், சரி. இவ வாந்தி எடுத்தா யாரு பிடிக்கிறது? அந்த நோயாளியா?"

அண்ணன் சொன்னது பாதி பலித்தது. படித்த காலமெல்லாம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினாள். பிறகு வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் சீழ் துடைக்கவும், சிரித்துக்கொண்டே மலச்சட்டி எடுக்கவும் வந்துவிட்டது. உள்ளுக்குள் குமட்டுவது மட்டும் நிற்கவே இல்லை. அது அவளுக்கும் அவள் தொண்டைக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அவளுக்குக் கிடைத்ததோ ஆண்கள் சர்க்கரை வார்டு. காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் வாரக்கணக்கில் படுத்திருப்பார்கள். கொஞ்சம் தேறியதும் வீட்டுக்குப் போவார்கள். புண் மறுபடி வாயைத் திறந்ததும் அதே கட்டிலைத் தேடி வருவார்கள். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் கிளம்பும் வாடை மதியம் வரை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஜெயித்துக் காட்டுவேன் என்று சபதம் போட்டவள்போல இருப்பாள் பெரிய சிஸ்டர். வார்டின் தலைவி அவள்தான். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இழுத்துச் சீவிய தலை, எப்போதும் பினாயில் வாசனை. அவள் வார்டில் தரையில் முகம் பார்க்கலாம். கட்டிலுக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்து, அந்த விரலைத் துப்புரவு வேலைக்காரியின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "இது என்ன? இது உங்க வீட்டு மாவா?" என்பாள். சின்ன சிஸ்டருக்கு அவள்மேல் பக்தியே இருந்தது. தன் குமட்டலுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி.

மூலைக் கட்டிலில் இருந்தவர் ஒரு தையல்காரர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். மிஷின் மிதித்த காலில் ஒரு விரல் கறுத்துப்போய் வந்திருந்தார். சும்மா படுத்திருக்கத் தெரியாது. ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு வார்டில் கிழிந்த தலையணை உறையையெல்லாம் தைத்துக் கொடுப்பார். பக்கத்துக் கட்டில் கண்டக்டருக்குச் சட்டையில் பித்தான் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். கண்டக்டர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் பஸ்ஸை விட்டு இறங்காதவர். டாக்டர் வந்தால் "வழி விடு, வழி விடு, உள்ள தள்ளி நில்லு" என்று படுத்த இடத்திலிருந்தே கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார்.

தையல்காரருக்கு விரலை எடுக்க வேண்டும் என்று முடிவானதும், ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஈரலைத் தாக்கும் கிருமி, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது.

அன்று மதியமே பெரிய சிஸ்டர் ஒரு பழைய மஞ்சள் துணியைக் கிழித்துக்கொண்டு வந்து மூலைக் கட்டிலின் கம்பியில் கட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனி வாளி, தனித் துடைப்பம். சாப்பாடு கொண்டு வருகிறவன் அந்தத் தட்டைக் காலால் நகர்த்திக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். தள்ளச் சொன்னது சின்ன சிஸ்டர்தான். "கை வெச்சிடாதே" என்றாள்.

"என்ன சிஸ்டர் இது, ரிப்பேர் வண்டிக்குக் கட்டுற மாதிரி?" என்று தையல்காரர் சிரிக்கப் பார்த்தார்.

"உங்க ரத்தத்துல ஒண்ணு இருக்கு. பாதுகாப்புக்காக" என்று சொல்லிவிட்டுச் சின்ன சிஸ்டர் நகர்ந்துவிட்டாள். அவர் தைத்த தலையணை உறைகளை அன்று சாயங்காலமே மூட்டையாகக் கட்டி எரிக்க அனுப்பினார்கள். கண்டக்டர் ஒரு பிளேடு கேட்டு வாங்கி, சட்டையில் அவர் வைத்துக் கொடுத்த பித்தானை அறுத்து ஜன்னல் வழியாக எறிந்தார். தையல்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவர் மனைவி வந்தாள். துணியைப் பார்த்ததும் பதறிப்போய்ச் சின்ன சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா ஆச்சு அவருக்கு?"

"பி பாசிட்டிவ்."

அந்த அம்மாவுக்கு முகம் தெளிந்தது. "அட, அது எங்களுக்குத் தெரியுமே. எனக்கு ஓ, அவருக்கு பி. முன்னாடியே சொல்லியிருக்காங்க. அதுக்கா இவ்வளவு பெரிய துணி? ரத்தம் குடுக்கிறவங்களுக்குச் சட்டுனு அடையாளம் தெரியறதுக்கா?"

சின்ன சிஸ்டர் திருத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, வேலையும் இருந்தது. வெளியே குழாயடியில் துப்புரவு வேலைக்காரி திருத்திவிட்டாள், அதுவும் தனக்குத் தெரிந்த விதத்தில். "ரத்த வகை இல்லக்கா அது. கண்ட இடத்துக்குப் போற ஆம்பளைக்கு வர்ற வியாதி."

திரும்பி வந்த மனைவி கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள். குரலை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் வார்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "எங்கே போய் வாங்கிட்டு வந்தே?"

"நான் எங்கேயும் போகலை."

"அப்ப வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். யாரோ சிரித்தார்கள். தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. மனைவி கொண்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாத்திரம் திரும்ப வேண்டாம் என்றாள்.

விரல் எடுத்தார்கள். அன்றைய ஆபரேஷன் பட்டியலில் அவர்தான் கடைசி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தார். புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. வீட்டுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார். எப்போது வந்தாலும் மூலைக் கட்டில், மஞ்சள் துணி.

சில மாதம் கழித்து ஒரு டாக்டரம்மா அந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தாள். தலை கலைந்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பாள். பார்த்தால் டாக்டர் என்றே சொல்லமுடியாது. கேட்கும் கேள்வி மட்டும் ஆணி அடித்த மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன் என்றாள்.

"எதுக்கு எல்லாருக்கும்? இருக்கிற ஆளுதான் தெரியுதே" என்று பெரிய சிஸ்டர் மூலையைக் காட்டினாள்.

"ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் நாம பாக்கிறோம். மத்தவங்களுக்குப் பாக்கிறதே இல்ல. பாக்காததனால இல்லன்னு நினைச்சிட்டிருக்கோம்" என்றாள் டாக்டரம்மா.

வார்டு வார்டாக ரத்தம் எடுத்தார்கள். கண்டக்டர் முதலில் முறைத்தார். "எனக்கு எதுக்கு? போன வருஷம் கால் விரல் எடுத்தப்ப பாத்து, சுத்தம்னு சொல்லிட்டாங்க. அவனைத்தான் நாங்க தள்ளி வெச்சிருக்கோமே." அப்புறம் கையை நீட்டினார். அவருக்கு அடுத்த கட்டிலில் ஒரு வயதான காவல்காரர்; எதற்கும் மறுப்புச் சொல்லாதவர். நீட்டு என்றால் நீட்டுவார், திரும்பு என்றால் திரும்புவார். மருமகள் ஒருத்திதான் அவருக்கு வருகிற போகிற ஆள்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா பெரிய சிஸ்டரையும் சின்ன சிஸ்டரையும் உட்கார வைத்துச் சொன்னாள். எலும்பு வார்டு, பிரசவ வார்டு, பொது வார்டு, எங்கே பார்த்தாலும் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தங்களுக்கு இருப்பதே தெரியாது. "வெளியில ஊர்ல எவ்வளவோ, உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு. பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாகிட்டேர்ந்து வந்ததா இருக்கும், இல்ல சின்ன வயசுல வந்ததா இருக்கும். அதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. உங்க வார்டுதான் எனக்குப் புரியல."

முப்பது பேர்கூட இல்லாத சர்க்கரை வார்டில் மட்டும் தையல்காரரோடு சேர்த்து ஏழு பேர். கண்டக்டருக்கு இருந்தது. காவல்காரருக்கு இருந்தது.

"இதுல மூணு பேர் இங்கேயே முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க. அப்ப இல்ல, இப்ப இருக்கு. இங்கேதான் வாங்கியிருக்காங்க" என்றாள்.

சின்ன சிஸ்டருக்கு முதுகில் பல்லி ஊர்ந்தமாதிரி இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது தையல்காரரின் எச்சில் டம்ளர்தான்.

சேதி வார்டுக்குள் போக எவ்வளவு நேரமாகும்? டாக்டரம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டார். "அவன்தான். அவன்தான் எங்க எல்லாருக்கும் குடுத்திருக்கான். ராத்திரி எழுந்து குழாய்ல வாய் வெச்சுக் குடிச்சிருப்பான். நாங்களும் அதே குழாயில..." சொல்லும்போதே அவருக்கு ஓங்கரித்தது. மூலைக் கட்டிலுக்குக் கீழே இருந்த தட்டை ஊன்றுகோலால் இழுத்து வாசல் வரை தட்டிவிட்டார். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது. "பேசாம இருக்கியே, உன்னைத்தான் கேக்கிறேன். வாயில என்ன?"

தையல்காரர் பையில் துணியை எடுத்து வைத்தார். புண்ணில் போட்ட கட்டு நனைந்திருந்தது. சின்ன சிஸ்டர் வாசலில்தான் நின்றிருந்தாள். அவர் தாண்டிப் போகும்போது, அவர் சட்டை தன்மேல் பட்டுவிடக்கூடாது என்று கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். அவர் அதைக் கவனித்தார். தானும் இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து வெளியே போனார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வார்டுக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. நான் சும்மா பாத்துட்டு இருக்கேன்."

பெரிய சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "அந்த ஆளோட தட்டு டம்ளரையெல்லாம் தூக்கி எறிஞ்சாச்சு டாக்டர்."

"தட்டுல பரவாது சிஸ்டர். டம்ளர்ல பரவாது. ஒரே குழாயில குடிச்சா பரவாது. ரத்தம் ரத்தத்தோட சேரணும். கண்ணுக்குத் தெரியாத துளியே போதும். காய்ஞ்சு போனாக்கூட ஒரு வாரம் உயிரோட இருக்கும். நீங்க அவர் தொட்டதையெல்லாம் தனியா வெச்சீங்க, சரி. அவர் ரத்தம் பட்டது எது? அது தனியாத்தான் இருந்துச்சா?"

சின்ன சிஸ்டர் அப்போது கையில் சுகர் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

காலையில் எல்லாருக்கும் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஊசியைக் கையால் பிடித்துக் குத்துவார்கள். கண்டக்டர் கூரை பிய்ந்துபோகிறமாதிரி கத்துவார். பெரிய சிஸ்டர்தான் எங்கேயோ சொல்லி இந்தப் பேனாவை வரவழைத்தாள். உள்ளே வில் இருக்கும். மூடியின் ஓட்டையை விரலில் அழுத்திப் பொத்தானைத் தட்டினால் டக்கென்று ஊசி வந்து குத்திவிட்டு உள்ளே போய்விடும். வலியே தெரியாது. ஒருவருக்கு முடிந்ததும் மூடியைக் கழற்றி, ஊசியை மாற்றி, மூடியை மாட்டி அடுத்த கட்டில். ஊசியைத்தான் மாற்றினார்கள். மூடி ஒன்றுதான், பேனா ஒன்றுதான். மூலைக் கட்டிலுக்கும் அதேதான்.

டாக்டரம்மா அவள் கையைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன சிஸ்டர் பேனாவை ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டு மருந்தறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். தினம் எத்தனையோ முறை கழற்றிய மூடி, உள்ளே பார்த்ததில்லை. ஓட்டையைச் சுற்றிக் காப்பிக்கறை மாதிரி ஒரு வளையம். பழுப்பு, கறுப்பு, அதன்மேல் அன்றைக்குப் புதிதாகப் பட்ட சிவப்பு. ஒரு பஞ்சுக் குச்சியால் சுரண்டினாள். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வெள்ளைத் தட்டில் விழுந்தது. எத்தனை பேருடைய ரத்தம், எத்தனை மாதத்து ரத்தம். குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வில் கம்பியின் இடுக்கிலும் அப்பியிருந்தது.

ஒருத்தர் தட்டைக் கையால் தொடாதே என்று சொன்னவள், அந்த மனிதரின் ரத்தத்தைத் தினம் காலையில் வரிசையாக எல்லார் விரலிலும் தடவிக்கொண்டு போயிருக்கிறாள். வரிசை மூலையிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதுமட்டுமா? ஆள் குறைவான சில காலைகளில், ஊசி தீர்ந்துபோன சில காலைகளில், ஊசியைக்கூட மாற்றாமல் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து...

கழுவும் தொட்டி வரை போய்ச் சேர்ந்தாள். பல வருடம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி வாந்தி வந்தது. வெறும் பித்தநீர் வரும்வரை விடவில்லை. வாயைக் கழுவ உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தாள். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்தது.

பெரிய சிஸ்டர் உள்ளே வந்து தட்டைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அது ஒரு நிமிஷம்தான். பேனாவை எடுத்து ஸ்பிரிட் கிண்ணத்துக்குள் போட்டாள்.

"நல்லா ஊறட்டும். நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல."

"சிஸ்டர், ஆறு பேரு..."

"ஆறு பேருக்கும் அவன்கிட்டேர்ந்துதானே வந்திருக்கு? அது உண்மைதானே? எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? வெளியில தெரிஞ்சா என்னை மட்டுமா கேப்பாங்க? குத்தினது யார் கை?"

சொல்லிக்கொண்டே அவள் தட்டில் இருந்த பொருக்குகளை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். சுத்தமாக, ஒரு துகள் விடாமல், மூலை மூலையாக. பல வருடம் தான் மெச்சிய அந்தக் கையைப் பார்க்கப் பார்க்கச் சின்ன சிஸ்டருக்கு மறுபடியும் குமட்டியது. கிண்ணத்தோடு பேனாவைத் தூக்கிக்கொண்டு, ஸ்பிரிட் புடவையில் சிந்தச் சிந்த, நேரே டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

ஊசி மாற்றாத காலைகளையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "ஒருவேளை எல்லாருக்கும் அவர்கிட்டேர்ந்து வந்ததாகூட இருக்காது. நூத்துல நாலு பேர் எந்த வார்டுலயும் இருப்பாங்க. அவர் வரலைன்னா வேற ஒருத்தர். நீ?"

சின்ன சிஸ்டருக்கும் ரத்தம் பார்த்தார்கள். படிக்கும்போது தடுப்பூசி போட்டிருந்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அவளுக்கே சகிக்கவில்லை.

ஆஸ்பத்திரி நிர்வாகம் மளமளவென்று காரியம் பார்த்தது. எல்லா வார்டுப் பேனாக்களையும் வாங்கி அழித்தார்கள். ஒருமுறை குத்தினால் தூக்கிப்போடுகிற ஊசி வந்தது. பெரிய சிஸ்டரைத் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நோயாளிகளிடம் மட்டும், "எப்படி வந்ததுன்னு ஆராய்ச்சி நடக்குது" என்று சொல்லச் சொன்னார்கள். தலைமை டாக்டர் சின்ன சிஸ்டரின் தோளில் தட்டி, "நீ சின்னப் பொண்ணு. நடந்தது நடந்துபோச்சு. தேவையில்லாம பீதியைக் கிளப்ப வேண்டாம், என்ன?" என்றார். வார்டில் கண்டக்டர் இன்னும் தையல்காரரைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தையல்காரர் வீட்டைத் தேடிப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, முன்னால் தையல் மிஷின். மிஷினில் துணி இல்லை. தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. யார் துணி கொடுப்பார்கள்? அவர் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு அழுக்காக இருந்தது. மனைவி கதவிலேயே மறித்தாள்.

"இன்னும் என்ன கட்டணும்? துணி தீர்ந்துபோச்சா?"

சின்ன சிஸ்டர் வாசலில் நின்றே சொன்னாள். பேனாவைச் சொன்னாள், மூடியைச் சொன்னாள். அவர் தட்டாலோ டம்ளராலோ யாருக்கும் எதுவும் வரவில்லை என்றாள். அவர் எங்கேயும் போய் வாங்கி வந்திருக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்றாள்.

தையல்காரர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எங்க அம்மா ஈரல் கெட்டுத்தான் செத்தாங்க. ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. குடிக்காத பொம்பளைக்கு எப்படி ஈரல் கெடும்னு எங்க மாமாவே சந்தேகமாப் பேசினாரு."

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனைப் பார்க்க அவளால் முடியவில்லை. பார்க்க முடியாத கோபமெல்லாம் வாசலில் நின்றவள் மேல் திரும்பியது.

"ரத்த வகைன்னு நான் பைத்தியக்காரி மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னேனே, அப்ப சொன்னா உன் வாய் என்ன ஆயிருக்கும்? துணியைக் கட்டினது எல்லார் முன்னாடியும். இப்ப வந்து காதோட காதா சொல்றே. அந்த ஊன்றுகோல்காரன் முன்னாடி போய்ச் சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு வா, அப்புறம் உன்னை வீட்டுக்குள்ள விடறேன்."

"வுடு" என்றார் தையல்காரர் மெதுவாக.

"நீ சும்மா இரு. இத்தனை மாசம் நீ சும்மா இருந்ததுக்குத்தான் இது."

திங்கட்கிழமை காலை, கட்டுப் பிரிக்கும் நேரம் முடிந்து எல்லாரும் விழித்திருந்தபோது, சின்ன சிஸ்டர் வார்டின் நடுவில் வந்து நின்றாள். மூலைக் கட்டில் கம்பியில் மஞ்சள் துணி அப்படியே கிடந்தது. வேறொருவர் அங்கே படுக்க மாட்டேன் என்று சொன்னதால் காலியாகக் கிடந்த கட்டில். துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். குரல் எழும்பவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா, பின்னாடி கேக்கலை" என்றார் கண்டக்டர், பழக்கதோஷத்தில்.

சத்தமாகச் சொன்னாள். சுகர் பேனா என்றாள். உள்ளே ரத்தம் காய்ந்திருந்தது என்றாள். சில நாள் ஊசிகூட மாற்றவில்லை என்றாள். "தையல்காரர் எதுவும் செய்யலை. உங்களுக்குக் குத்தினது என் கை."

எல்லாரும் தங்கள் விரல் நுனியைப் பார்த்தார்கள். ஒருவர் அதைப் போர்வையில் தேய்த்தார். கண்டக்டர்தான் வாயைத் திறந்தார். ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தவளுக்கு அது வரவில்லை. அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த எலியைப் பார்க்கிற பார்வை.

"வலிக்கலைன்னு உனக்குத் தினமும் நன்றி சொன்னேனே" என்றார். அப்புறம், "கிட்ட வராதே" என்றார்.

அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. டாக்டரம்மா கூட நின்றதால் வேலை போகவில்லை. தையல்காரரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள், யாருக்கும் இல்லை. எல்லாருக்கும் தடுப்பூசி போட்டார்கள். அவர் வேறு வார்டில் சேர்ந்தார். இழுத்தடித்ததில் இன்னும் இரண்டு விரல் போயிற்று, பாதம் மிஞ்சியது. மனைவி சொன்னபடி சின்ன சிஸ்டரை வீட்டுக்குள் விட்டாள், உட்காரச் சொன்னாள். சிரிக்கவில்லை. கண்டக்டருக்கு மஞ்சள் காமாலை வந்து உடம்பு பாதியாகி, அரை வருடம் கழித்துப் பார்த்தபோது கிருமி தானாகவே போயிருந்தது. மற்றவர்களில் இரண்டு பேருக்கும் போய்விட்டது. மிச்சப் பேருக்கு மாத்திரை தொடர்கிறது.

காவல்காரருக்கு அது போகவில்லை. வயதானவர், ஏற்கெனவே உள்ளேயெல்லாம் நைந்துபோயிருந்தது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, யாரையும் அடையாளம் தெரியாமல் பேசி, ஒரு வாரத்தில் போய்விட்டார். திரும்பு என்றால் கடைசிவரை திரும்பினார்.

சாமான்களை எடுத்துப்போக மருமகள் வந்தாள். ஒரு போர்வை, ஒரு ஜோடிச் செருப்பு, ஒரு டார்ச் லைட். பையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "கால் புண்ணுக்குத்தானே கொண்டாந்து விட்டேன்? ஈரல் போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எப்படிம்மா?"

சின்ன சிஸ்டர் அவளுக்கும் சொன்னாள், வார்டில் சொன்ன அதே மாதிரி, ஒன்றையும் குறைக்காமல்.

மருமகள் கடைசிவரை கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். போகிற வழியில் சின்ன சிஸ்டரின் காலுக்கு முன்னால் நின்று, தரையில் காறித் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

துப்புரவு வேலைக்காரி ஓடி வந்தாள். சின்ன சிஸ்டர் அவள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். குனிந்து தரையைத் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சாயங்கால மருந்து கொடுக்கப் போனாள்.